நாதஸ்வரம் மூச்சு வாங்கிய இடம்

மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோது மகளிடமிருந்து போன் வந்தது. “அப்பா, ரோசலின் மாமி போயிட்டா.”

“எங்க போனா?” என்று கேட்டேன். சில செய்திகள் எனக்கு இரண்டாம் தடவைதான் விளங்கும்.

செத்த வீட்டில் ஒருவர், “பாவம், கடைசி வரைக்கும் மெஷின்தானே வாசிச்சா” என்றார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். வேதக்கோயிலில் வாசித்த ரோசலின் அக்காவைத் தெரிந்த நீங்களும் கேளுங்கள்.

எங்கள் குருக்கள்மடத்து வேதக்கோயிலின் பழைய ஓகன் பெட்டியைச் சுனாமி கொண்டுபோனது. நிவாரணமாக ஒரு கீபோட் வந்தது. வந்த ஞாயிறே அதில் ஓகன் சத்தத்தை வைத்து அக்கா வாசித்தார். “பெட்டி போனாப் போகட்டும். பாட்டு என்ட விரல்ல கிடக்கு” என்றார்.

அதன் பிறகு சண்டை திரும்பவும் மூண்ட காலத்தில் என் மகளின் கலியாணம். கரடியனாற்றிலிருந்து வரவேண்டிய மேளக்காரரைப் பாதையில் மறித்துவிட்டார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கேள்விப்பட்ட அக்கா கீபோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நாதஸ்வரச் சத்தத்தை வைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழும்பிவிட்டார்.

“பொய் நாதஸ்வரத்துக்குத் தாலி கட்டுறதோ? எழும்புடா தம்பி, போவம்!”

நான் கையைப் பிசைந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

அக்கா நிமிர்ந்தார். “பெரியவர், எங்கட ஓகனைக் கடல் கொண்டுபோயிட்டு. உங்கட மேளக்காரரைச் சண்டை மறிச்சிட்டு. இந்தத் தாலியையும் அதுகளுக்கே குடுப்பமோ? இருங்க!”

பெரியப்பா இருந்தார்.

அக்கா வாசித்தார். கீபோட்டின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரச் சில்லை இடது கையால் உருட்டி உருட்டிச் சுரத்தை வளைத்தார். நாதஸ்வரம் போலவே குழைந்தது. ஆனால் இடையிடையே சத்தம் நின்று நின்று வந்தது. நான் ஓடிப்போய் வயரை ஆட்டினேன்.

“வயரை விடுங்க தம்பி! நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குறார்.”

கீபோட்டுக்கு மூச்சு வேண்டாம், விடிய விடிய ஊதும். ஊதுகிற மனிதன் எங்கே மூச்சு வாங்குவானோ, அங்கே அக்கா விரலை எடுத்தார். சைவக்கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவர். திருவிழாக்களில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே அதைக் கேட்டுப் பிடித்திருக்கிறார். பெரியப்பாவின் தலை தானாக ஆடத் தொடங்கியது.

மெஷின் என்று இரங்கியவருக்குச் சொல்கிறேன்: அந்தக் கலியாணத்துக்கு மூன்று பிள்ளைகள். வந்து பாருங்கள், ஒன்றாவது பொய்யா என்று.

என்னிடம் இருப்பது அக்கா விரலை எடுத்த அந்த இடம். சத்தம் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வயரைப் பிடித்தவன் நான். முடியவில்லை. மூச்சுத்தான் வாங்கியது. அதற்குப் பிறகுதான் அதே கீபோட்டில் கெட்டிமேளம் வந்தது.