லீலில் கண்ணை மூடிய நேரம்

மகள்தான் டிக்கெட் போட்டுத் தந்தாள். எங்கள் கலியாண நாளுக்கு அவளுடைய பரிசு.

“காலமை போய் பின்னேரம் வந்திடலாம் அம்மா. பிரான்ஸில லீல் எண்டு ஒரு பழைய ஊர். வடிவான தேவாலயம் ஒண்டும் இருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் லண்டனில இந்த மிட்சம் ஊரை விட்டு வேற எங்க போயிருக்கிறியள்? கோயில், கடை, செத்தவீடு.”

“பிரான்ஸோ?” என்றார் என் கணவர். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காரணம் தெரியும். லண்டனுக்கு வருகிற வழியில், இளந்தாரியாக, அவர் பிரான்ஸில் பிடிபட்டவர். ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தது. கையில் ஒரு தாளும் இல்லை. விரல் அடையாளம் எடுத்து, ஓர் அறையில் பூட்டி வைத்து, பிறகு நாட்டை விட்டுப் போ என்று விட்டார்கள். அது எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. வடக்குப் பக்கம், நல்ல குளிர், அவ்வளவுதான். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். இங்கே பிரித்தானியப் பாஸ்போட் கிடைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் ட்ராமுக்கு நிற்கும்போது பொலிஸ் கார் போனால் நிலத்தைத்தான் பார்ப்பார்.

ஆனால் மகள் ஆசையாகச் செய்தது. விளக்கேற்றி, திருநீறு பூசி, வெளிக்கிட்டோம்.

செயின்ட் பங்கிராஸ் நிலையத்திலேயே பிரான்ஸ் பொலிஸ் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பைகளை ட்ரேயில் வைக்கச் சொன்னார்கள். பிறகு ஓர் இயந்திரத்தில் விரல்களை வைக்கச் சொன்னார்கள். எனக்கு முடிந்தது. இவர் நின்றபடியே நின்றார்.

“இது எல்லாருக்கும் எடுக்கினம்” என்றேன்.

“என்ர விரல் அவங்களிட்ட இருக்குது” என்றார், உதடு அசையாமல்.

வைத்தார். வியர்வையில் முதல் தடவை இயந்திரம் எடுக்கவில்லை. கால்சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையை ஆட்டிப் போகச் சொன்னாள். ட்ரேயில் வந்த எல்லாவற்றையும், அவருடைய பாஸ்போட், போன், பேர்ஸ் எல்லாம், நான் அள்ளி என் கைப்பைக்குள் போட்டேன். “நீரே வைச்சிரும். நான் எங்கையும் துலைச்சிடுவன்” என்றார்.

ரயில் கடலுக்கடியால் போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே அவ்வளவு தண்ணீர். அன்று லண்டனுக்கு லொறிக்குள் படுத்து வந்த பாதையை அவர் இப்போது கதிரையில் இருந்தபடி திரும்பிப் போகிறாரென்று நினைத்தேன்.

லீல் வடிவான ஊர்தான். கல்லுப் பதித்த தெருக்கள், சிவப்புச் செங்கல் வீடுகள், கதவுக்குக் கதவு பூச்சட்டிகள். வெளியிலிருந்து பார்க்கத் தேவாலயத்தின் முன்சுவர் சாம்பல் நிறமாக, வேலை முடியாத கட்டடம் போலக் கிடந்தது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே சுவர் தேன் நிறத்தில் வெளிச்சமாக நின்றது. கல்லுக்குள்ளால் வெயில் வருகிறது! நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

“எனக்குக் கால் நோகுது. இதில இருக்கிறன். நீர் கும்பிட்டிட்டு வாரும்” என்று கதவோரம் கடைசிக் கதிரையில் அவர் இருந்துவிட்டார்.

மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அங்கே நின்று சிவனுடைய பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஊரிலும் நாங்கள் மடு மாதா கோயிலுக்குப் போன சைவ ஆட்கள்தான். விரல் மடித்து எண்ணி, கண்ணை மூடி, மெதுவாகச் சொல்லி முடித்தேன். இவருடைய சீனி வருத்தத்துக்காகத்தான் முக்கியமாகக் கேட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தால் கதிரையில் ஆளில்லை.

டொய்லெட்டுக்குப் போயிருப்பாரென்று கொஞ்சம் நின்றேன். பிறகு வெளியே வந்தேன். வாசலில் பெரிய துவக்குகளோடு ஆமிக்காரர் சிலர் மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப்பிள்ளை அவர்களுக்குக் கை காட்டியது. இவர் இந்த ஆமிக்காரரைக் கண்டிருக்கிறார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருப்பார். பாஸ்போட் என்னிடம்.

தேவாலயத்தைச் சுற்றி ஓடினேன். கைப்பை தோளில் கனத்தது. அதற்குள்தான் அவருடைய போனும் இருந்தது, நான் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் மாம்பழச் சாற்றுப் பெட்டியும் இருந்தன. காலமை இன்சுலின் ஊசி போட்டுவிட்டு அரைவயிறுதான் சாப்பிட்டவர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் முதலில் வியர்க்கும், பிறகு கதை தடுமாறும், பிறகு விழுந்துவிடுவார். பிரான்ஸ் தெருவில், கையில் ஒரு தாளும் இல்லாமல், தமிழில் உளறியபடி ஒரு மனிதர் விழுந்து கிடந்தால் யார் என்ன நினைப்பார்கள்?

“இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டேன். பிறத்தியார் ஊர், வெட்கம். மெல்லிய குரலில்தான் கூப்பிட்டேன்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவில் ஏப்ரனோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார்.

“அக்கா, என்னையோ கூப்பிட்டனீங்கள்? என்ர மனிசியும் இப்பிடித்தான் கூப்பிடுறவ.”

தமிழ்ச் சத்தம் கேட்டதும் அழுதுவிட்டேன். அழுகைக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தம்பி சிகரெட்டை மிதித்து அணைத்தார்.

“பொலிசிட்ட சொல்லுவமோ?”

“ஐயோ வேண்டாம் தம்பி. அவையளுக்குப் பயந்துதான் போனவர்.”

“சரி, நாங்களே தேடுவம். ஆளின்ர பேர் என்ன?”

நான் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினேன்.

“என்னக்கா, மறந்து போச்சோ?”

“மறக்கேல்லை...”

அவருக்கு விளங்கிவிட்டது. “கடவுளே! இந்தக் காலத்திலயுமோ? இஞ்சாருங்கோவைக் காணேல்லை எண்டு நான் ஊர் முழுக்கக் கத்தட்டே?”

நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தது. லண்டனில் ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட மகள் சொல்லுவாள், இல்லாவிட்டால் கடிதத்தை எடுத்து நீட்டுவேன். படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அது விளக்கை வாயால் ஊதி அணைப்பது மாதிரி. அதுவும் எங்கள் கலியாண நாளில், இப்படி ஒரு நேரத்தில்.

கைப்பையைத் திறந்து பாஸ்போட்டைத் தேடினேன். அவசரத்தில் ரொட்டிப் பொட்டலம் வந்தது, என்னுடைய பாஸ்போட் வந்தது. நேரம் போகிறது. பெயரைச் சொல்லிவிட்டேன். நாக்குச் சுட்டது போல இருந்தது. சிவனே, இதைக் கணக்கில் எடுக்காதே என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தத் தம்பிக்கு நல்ல குரல். தெருத் தெருவாகப் பெயரைச் சொல்லி, “அண்ணை! அண்ணை!” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். சனம் திரும்பிப் பார்த்தது. சொக்கலேட் கடை வாசல், சந்து, மணிக்கூட்டுக் கோபுரம் தெரிகிற பெரிய சதுக்கம், ஒரு இடத்திலும் பதில் இல்லை. சதுக்கத்தின் ஓரமாக ஒரு பழைய கட்டடம். உள்ளே நாலு பக்கமும் தூண்கள் வைத்த முற்றம். பழைய புத்தகம் விற்கிறார்கள், கிழவர்கள் செஸ் விளையாடுகிறார்கள். அங்கேயும் வாசலில் நின்று பெரிதாகக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை.

தம்பியின் போன் அடித்தது. “முதலாளி கத்துறான் அக்கா. இதிலயே நில்லுங்கோ, வாறன்” என்று வெளியே போனார்.

நான் தனியே நின்றேன். பெயரைச் சொல்லியும் ஆள் வரவில்லை. சொன்னபடியால்தான் வரவில்லையோ என்ற நினைப்பு வந்தது. வெட்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வீட்டில் குசினியிலிருந்து மேல்மாடிக்குக் கூப்பிடுகிற மாதிரி, வயிற்றிலிருந்து கத்தினேன்.

“இஞ்சாருங்கோ!”

செஸ் விளையாடிய கிழவர் திடுக்கிட்டுக் காயைத் தட்டிவிட்டார்.

முற்றத்தின் மறு மூலையில், புத்தக மேசைக்குப் பின்னால், ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஆள் மெல்ல வெளியே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. முகம் சாம்பலாகக் கிடந்தது.

“நீரோ?” என்றார்.

“நான்தான். வேற ஆர் வரப்போகினம்?”

அப்படியே கீழே இருத்தி, மாம்பழச் சாற்றை முதலில் குடிக்கக் கொடுத்தேன். அவசரத்தில் குழல் வளைந்துவிட்டது. அந்தச் செஸ் கிழவர்தான் வாங்கிக் குத்தித் தந்தார். குடித்துக் கொஞ்ச நேரத்தில் அவருடைய கண்ணில் தெளிவு வந்தது. ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன்.

“இவ்வளவு கூப்பிட்டும் ஏன் வரேல்லை?”

“துவக்கோட வந்தாங்கள். பொக்கற்றில ஒண்டும் இல்லை. நடந்திட்டன். பிறகு ஒருத்தன் என்ர பேரைச் சொல்லிக்கொண்டு பின்னால வாறான். பிடிக்க வாறாங்கள் எண்டு நினைச்சன்.”

“அந்தப் பிள்ளை தமிழிலயெல்லோ கூப்பிட்டது? அண்ணை எண்டெல்லோ?”

அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அண்டைக்கும் பொலிஸ்காரர் மொழிபெயர்க்க ஒரு தமிழனைத்தான் கொண்டு வந்தவங்கள். அவனும் அண்ணை எண்டுதான் கூப்பிட்டவன்.”

இத்தனை வருடமும் இந்தத் துண்டை அவர் சொல்லவே இல்லை.

தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தார். இவரைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “என்னண்ணை, நான் தொண்டை கிழியக் கத்தினன், எட்டியும் பாக்கேல்லை. அக்கா ஒரு சத்தம் போட வாறியள். உங்களுக்குப் பேர் வைச்சதே வீண்.” இவர் கொஞ்சம் சிரித்தார். எங்களைத் தான் வேலை செய்யும் கடையின் பின்கதவடியில் இருத்தி, இஞ்சி போட்ட தேத்தண்ணி ஊற்றித் தந்து, ரயில் நிலையம் வரைக்கும் வழிகாட்டிவிட்டுத்தான் அந்தத் தம்பி போனார்.

திரும்பி வருகிற சோதனைக்கு முன்னால், “என்ர பாஸ்போட்டைத் தாரும்” என்று வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதைத் திறந்து, அவருடைய பெயரை உடைத்து உடைத்து வாசித்தார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்தார்.

“இஞ்சாருங்கோ” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். “உங்களைத்தான்.”

“ஓம், நான்தான்” என்று தமிழில் சொல்லிவிட்டு முன்னுக்குப் போனார்.

ரயில் ஏறியதும் பாஸ்போட்டைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார். கடலுக்கடியில் இருட்டு வந்தது. நான் விரல் மடித்து ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஆனால் இந்தமுறை கண்ணை மூடவில்லை. அவருடைய நெற்றியில் வியர்க்கிறதா என்று பார்த்தபடி, மிட்சத்தில் எங்கள் வீடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.