இரண்டு கன்னங்கள்

வேடியப்பனுக்குப் பெண் கொடுத்தவர் அவன் நிலத்தையோ படிப்பையோ பார்க்கவில்லை. தாடியைத்தான் பார்த்தார்.

1989 ஆவணியில், செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா அம்மாவோடு திருவண்ணாமலைக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். பெண்ணின் அப்பா அர்ஜுனன் தேரடித் தெருவில் ஃபேன்சி சாமான் மொத்த வியாபாரம் செய்தவர். பஜ்ஜித் தட்டை நீட்டியபடியே அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"காலையில சேவிங் பண்ணதா மாப்ளே?"

"ஆமாங்க மாமா. பஸ் ஏறும்போது."

"சாயங்காலத்துக்குள்ள இவ்ளோ முளைச்சிடுச்சா!"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜுனன் மட்டும் சிரிக்கவில்லை. அங்கேயே தாம்பூலம் மாற்றினார். மாப்பிள்ளை தங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அந்த அவசரத்துக்குக் காரணம் கல்யாணமான மறுவாரமே வேடியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டின் பின்கட்டில் அர்ஜுனன் ஒரு கொட்டகை போட்டிருந்தார். அங்கே சொந்தமாக சேவிங் சோப்பும், சேவிங் முடிந்ததும் போடுகிற லோஷனும் தயாரித்தார். ஜனங்கள் ஒரு கம்பெனி சோப்பும் வேறொரு கம்பெனி லோஷனும் வாங்குகிறார்கள், ஒரு வாசனை இன்னொன்றைக் கெடுக்கிறது, பொருத்தம் பார்த்து இரண்டையும் ஒரே டப்பாவில் கொடுத்தால் கையோடு போகும் என்பது அவர் கணக்கு. டப்பாவுக்கு 'ராஜமுகம்' என்று பேரும் வைத்துவிட்டார். போட்டுப் பார்க்கத்தான் முகம் கிடைக்கவில்லை. சலூன்காரர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மாட்டோம் என்று கும்பிடு போட்டார்கள். அவருக்கோ மோவாயில் நாலு முடி.

தினமும் காலையில் டிபன் முடிந்ததும் வேடியப்பன் கொட்டகையில் ஸ்டூல் மேல் உட்கார வேண்டும். இடக் கன்னத்துக்கு ஒரு சோப்பும் அதற்கான லோஷனும், வலக் கன்னத்துக்கு வேறு. சாயங்காலம் மறுபடியும்.

"எரியுதா? எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

"இந்தப் பக்கம் மாமா."

பிறகு அர்ஜுனன் மகளைக் கூப்பிடுவார். சந்திரகலாவுக்கு மூக்கு கூர்மை. அவள் குனிந்து புருஷனின் கன்னத்தை முகர்ந்து பார்த்து, வாசனைகள் சேருகின்றனவா என்று சொல்ல வேண்டும். புதுசில் வேடியப்பனுக்கு அது கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பகல் நேரத்தில் அவள் அவ்வளவு கிட்டே வருவது அப்போது மட்டும்தான். ஆனால் அவள் ஒருநாளும் அவன் கண்ணைப் பார்த்ததில்லை. "இடது பக்கம் சந்தனம் சேருதுப்பா. வலது பக்கம் வெட்டிவேர அந்த சோப்பு அமுக்கிடுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முதல் வருஷமே லவங்க எண்ணெய் போட்ட சோப்பு வந்தது. சோப்பில் காரம் கூடிப் போயிருந்தது, அதற்கு ஜோடியான லோஷனில் ஸ்பிரிட்டும் கூடியிருந்தது. தடவிய நிமிஷம் வேடியப்பன் அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான்.

"தண்ணி ஊத்தாத! எவ்ளோ நேரம் எரியுதுன்னு பாக்கணும்" என்று கத்தினார் அர்ஜுனன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. மகளைப் பார்த்துத் தலையசைத்தார். சந்திரகலா வந்து தொட்டியின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கன்னத்தில் தோல் உரிந்து வந்தது. லவங்க ஜோடி விற்பனைக்கு ஆகாது என்று முடிவானது.

எலுமிச்சை ஜோடிதான் சக்கைப்போடு போட்டது. தீபத்துக்கு வந்த கூட்டம் டப்பா டப்பாவாக அள்ளிக்கொண்டு போனது. வேடியப்பன் காலையில் அதையே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு மொபெட்டில் போளூருக்கும் அவலூர்ப்பேட்டைக்கும் சரக்கு கொண்டுபோனான். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் தோலுக்கு ஆகாது. தாடை முழுக்கக் கருந்திட்டுகள் படர்ந்தன. அர்ஜுனன் அவன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நிழல்ல உக்கார்றவங்களுக்குத்தான்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எலுமிச்சை டப்பாக்கள் வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் ஆட்களைத் தேடிப் போயின. வியாபாரம் இன்னும் ஏறியது.

அதற்குப் பிறகு அவனைக் கடையில் உட்கார விடவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தா எவன் ராஜமுகம் வாங்குவான்?" என்றார் அர்ஜுனன். வழவழவென்று முகம் இருந்த சுரேஷ்குமார் என்ற வாலிபனைக் கடைக்கு வைத்தார். வேடியப்பனுக்குக் குடோன்.

அன்று அவன் சந்திரகலாவிடம், "நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டான்.

"அப்பா சொல்றதுல என்னங்க தப்பு? சுட்ட கத்திரிக்கா மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

ஊரில் அவனுக்கு 'டவுன் கடை மாப்பிள்ளை' என்று பேர். இந்த முகத்தோடு திரும்பிப் போனால் அதே வாய்கள் என்ன பேசும் என்று நினைத்து வருஷக்கணக்கில் பொறுத்தான். புதுச் சோப்பு வரும்போதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தான். 'ஏற்கெனவே கெட்ட மூஞ்சிதானே' என்று அர்ஜுனனுக்குத் தயக்கமும் விட்டுப்போனது. தொண்ணூற்றேழில் ஒருநாள், ஸ்டூலைப் போட்டுக் காத்திருந்த மாமனாரைத் தாண்டி வேடியப்பன் வாசலுக்கு நடந்தான். "எங்க போற?" என்ற குரல் கேட்டும் படி இறங்கினான்.

ரமணாசிரமத்துக்கு அருகே ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. தாடி வளர்த்தான். அந்தப் பக்கம் தாடி வைத்தவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

2001இல் சந்திரகலா அங்கே வந்து நின்றாள். அர்ஜுனனுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது.

"நாலு முடின்னாலும் அப்பாவுக்கு தினம் சேவிங் பண்ணியாகணும், ஆள் வர மாட்டேங்கறாங்க. வாய் கோணிக்கிச்சி, கத்தி பட்டுடும்னு பயப்படறாங்க. நீங்க வாங்க."

அவன் போனான். முதல் நாள் சந்தன சோப்பில் நுரை போட்டு, பூப்போல மழித்து, சந்தன லோஷன் தடவினான். அர்ஜுனன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தார். அந்தச் சுகத்தை வேடியப்பனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கொட்டகையில் தேடினான். விற்காமல் ஒதுக்கிய லவங்க ஜோடி தூசி படிந்து கிடந்தது. மூடியைத் திறந்ததுமே அர்ஜுனனின் கண்கள் அகன்றன. அவருக்கு வலப்பக்கம் உணர்ச்சி கிடையாது. வேடியப்பன் இடப்பக்கமாகத் தடவினான்.

"எரியுதா மாமா?"

அவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. இடது கண்ணிலிருந்து நீர் ஓடியது. வேடியப்பன் லோஷனைப் பாதியில் கீழே வைத்தான். கொல்லைக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். அடுத்த நாள் கொல்லைக்குப் போகத் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் பயந்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே மெச்சினார்கள். "விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்து தினம் மாமனாருக்கு சேவிங் பண்றான் பாரு. மகன் இருந்தாக்கூட செய்ய மாட்டான்" என்றாள் அர்ஜுனனின் தங்கை பாஞ்சாலை.

மார்கழியில் அர்ஜுனன் செத்துப்போனார். குளிப்பாட்டும்போது இடக் கன்னம் சிவந்து வெந்திருந்ததைப் பார்த்து, படுக்கைப் புண் என்றார்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, வேடியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சந்திரகலா கதவருகே நின்றாள்.

"அப்பா கன்னத்துல இருந்தது என்னா புண்ணுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வாசனை தெரியாதா?"

அவன் திடுக்கிட்டான். "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"உங்களுக்கு எரிஞ்சப்பவும் சும்மாதான இருந்தேன்" என்றாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "எங்க போறீங்க? கடைக்கு வீட்டு ஆம்பள வேணும். இருங்க."

அந்தப் பேச்சுக்கு முன்னால் அவனுக்கு அவள்மேல் இருந்தது கோபம் மட்டும்தான். இப்போது அவளும் தானும் ஒரே இனம் என்று தோன்றியது. வேறெங்கே போனாலும் இதைச் சொல்லிப் புரியவைக்க ஆளில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

கொட்டகையை இடித்துவிட்டார்கள். கடையில் இப்போது கம்பெனிச் சரக்குதான். எந்தச் சோப்புக்கு எந்த லோஷன் சேரும் என்று கேட்பவர்களுக்குச் சந்திரகலா முகர்ந்து பார்க்காமலே எடுத்துக் கொடுக்கிறாள். அவன் குடோனில் பெட்டி பிரிக்கிறான். இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டம் வரும் நாட்களில் சுரேஷ்குமாரிடம் அவனுக்கு டீ கொடுத்தனுப்புவாள். பெரும்பாலும் ஆறியிருக்கும். அவன் குடித்துவிடுவான்.