பாலத்தின் கீழே ஒரு நாற்காலி

கெடியோன் சரோசிக்கு உட்காரத் தெரியாது. ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் நின்றபடியேதான் உள்ளே போகும். தேவாலயத்தில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தரம் வெளியே போய்வருவார். ரயில் பாதைக்கு அளவுச் சங்கிலி இழுக்கச் சேர்ந்தவர், படித்து எஞ்சினியராகி, வடக்கு ஹங்கேரி மலைகளுக்குள் தண்டவாளம் போட்டார். வியன்னாவிலிருந்து இரும்பு வந்து சேர்வதற்குள் பொறுமை போய், ஷாயோ ஆற்றங்கரையில் சொந்தமாக இரும்பு வார்க்கும் ஆலையே தொடங்கிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அந்த உலைகளை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

வினையும் அங்கேதான் பிறந்தது. இரும்பை வார்ப்பவரும் அவரே, அதைத் தட்டிப் பார்த்து ஏற்பவரும் அவரே. ஷாயோ ஆற்றின் மேல் அவர் கட்டிய ரயில் பாலத்தின் மூன்றாவது இரும்புத் தூணைச் சுத்தியலால் தட்டியபோது நல்ல இரும்புபோல் கணீரென்று ஒலிக்காமல் ஓசை மந்தமாக வந்தது. பெயிண்ட் கனமாகப் பூசியதால் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திறப்பு விழா தள்ளிப்போனால் அடுத்த பாதை வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், உலைகள் அணைந்துவிடும்.

பாலம் கட்டியவர், முதல் வண்டி போகும்போது மனைவியோடு அடியில் நிற்பது அந்தப் பக்கத்து வழக்கம். விழா அன்று பெஸ்ட் என்ற நகரத்திலிருந்து வந்த அதிகாரிகள் பார்த்திருக்க, கெடியோன் தனியாகச் சரிவில் இறங்கினார். எஞ்சின் டிரைவர் பாலிண்ட் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அம்மா எங்கய்யா?"

"சளி புடிச்சுப் படுத்திருக்கா. நீ வண்டிய எடு."

"காலைல சந்தையில முட்டைக்கோஸ்காரிய ஒரு வழி பண்ணிட்டு இருந்தாங்களே. சளி புடிச்ச தொண்டை மாதிரி தெரியலியே."

கரையில் சிரிப்பு எழுந்தது.

"எடுக்கப் போறியா இல்லியா?"

பாலிண்ட் கைகட்டிக்கொண்டான். "உங்க உயிரப் பணயம் வைக்கிறீங்க, அது உங்க இஷ்டம். அம்மா உயிர வைக்க மனசு வரல. மேல என் உயிரும் இருக்குங்கய்யா."

காலையில் தொப்பி வைத்துக் கிளம்பிய மனைவி எட்டெல்காவை வாசலிலேயே தடுத்தது கெடியோன்தான். ஏன் தடுத்தோம் என்று இப்போதுதான் அவருக்கே விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, மேலேறி வந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்த மூன்றாவது தூணைக் கழற்றி எடுக்கச் சொன்னார்.

உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டி போல ஒரே பொத்தல். அடுத்த பாதை வேலை கைவிட்டுப் போனது. உலைகளில் பாதி அணைந்தது, ஊர் வாயாரத் திட்டியது. அதன்பின் தன் இரும்பைத் தட்டிப் பார்க்க வெளியூர் ஆளைத்தான் கூப்பிட்டார். அவர் காலத்துக்குப் பிறகும் அந்த ஆலை அந்த வழக்கத்தை விடவில்லை.

புதுத் தூண் நின்றதும் பாலிண்டே வண்டி ஓட்டினான். அதிகாரிகள் யாரும் வரவில்லை. எட்டெல்கா வீட்டு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தூணருகே போட்டு உட்கார்ந்து காலுறை பின்னினாள். கெடியோன் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ஏங்க, செத்த நில்லுங்க. எனக்குத் தலை சுத்துது."

வண்டி தலைக்கு மேலே தடதடத்துப் போனது. மடியில் விழுந்த கரியை அவள் தட்டிவிட்டாள்.

"என் மேல பிரியம் இருக்கா இல்லியான்னு இத்தன வருஷம் தெரியாமலே இருந்தேன்," என்றாள். "எனக்குச் சளின்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கெடியோன் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார்.