இடது கால் நிரபராதி

இட்லியை விண்டு வாயில் போடும்போதே வீரராகவனின் இடது கால் மேஜைக்கடியில் கிளட்சை மிதிப்பதுபோலத் தரையை அழுத்தும். அழுத்தி, நாலு எண்ணி, மெல்ல விடும். முகம் சுளிக்கும். உடனே பழி சட்னியின் மேல் விழும்.

"விஜி, இன்னிக்குக் காரம் தூக்கல்."

"மிளகாயே கிள்ளிப் போடலையேன்னா!" என்பாள் விஜயலக்ஷ்மி மாமி.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு அவர்களுடையது, மேல்வீட்டில் நான். அவருக்கு வயது அறுபத்தெட்டு. கிடர்பூர்த் துறைமுகத்தில் முப்பத்திநாலு வருஷம் சரக்குச் சேத சர்வேயர். தேயிலை நனைந்ததா, பெட்டி நசுங்கியதா, குற்றம் யார்மேல் என்று அளந்து அறிக்கை எழுதுவதே பிழைப்பு. அந்த இரும்பு டேப் இன்னும் சட்டைப் பையில் கிடக்கிறது. "சேதம்னு ஒண்ணு இருந்தா காரணம் வெளியிலதான் சார் இருக்கும்" என்பார். அந்த ஞானத்தை வலிக்கிற தன் முழங்காலுக்கும் பிரயோகித்ததுதான் வினை.

அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே சீட்டு, ஃபைபர் உடம்பு. போன வருஷம் துர்கா பூஜைப் பந்தல் போட வந்த பையன்கள் அதை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவ்வளவு லேசான வண்டிக்குக் கிளட்ச் மட்டும் கல்லாகக் கனக்கிறது என்பது அவருடைய புகார். ராஷ்பிஹாரி சிக்னலில் நிற்கும்போது அவர் பல்லைக் கடிப்பதை நானே பக்கத்துச் சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"கேபிள்ல குத்தமே இல்ல சார். போன மாசந்தான் புதுசு போட்டேன்" என்றார் மெக்கானிக் அப்துல் ரஹீம். ராமநாதபுரத்துக்காரர். கிடர்பூர்க் காலத்துப் பழக்கம்.

"அப்போ கேபிள்ங்கற ஏற்பாடே தப்பு. ஹைட்ராலிக் போட்டுடு."

கேபிளைப் பிடுங்கிவிட்டு மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர், நடுவே ஒரு குழாய் வைப்பது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் போய்க் கிளட்சைத் தள்ளும், காலுக்குப் பாரம் இருக்காது என்பது திட்டம். டாக்டரிடம் போனால் அரை மணியில் முடிகிற சமாசாரத்துக்கு உதிரிபாகம் தேடி மல்லிக் பஜாரில் மூன்று வாரம் அலைந்தார்கள்.

பெங்களூரில் இருக்கும் அவர் பிள்ளையோ வண்டியை விற்றுவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுல உட்கார்ந்தாத்தான் சார் நான் வீரராகவன். இறங்கிட்டா லேக் மார்க்கெட்டுக்குப் பையோட போற ஒரு கிழம்." பாவமாகத்தான் இருந்தது. கண் கலங்கியதை மறைக்க டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மாட்டும் நாளில், ரஹீம் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, சிலிண்டர் ரப்பரை இவரே உள்ளே திணித்தார். பிறகு குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டுமே! பெடலை மிதிக்க மாமி உட்கார்ந்தாள், வண்டிக்கடியில் ரஹீம். "மிதிங்கம்மா... புடிங்க... விடுங்க." நாற்பது தடவை மிதித்தாள். மாமி முகம் சுளிக்கவே இல்லை. அதை வீரராகவன் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மிதித்த பெடல் மேலே வரவில்லை. ரஹீம் பிரித்தார். ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது, நல்லெண்ணெய் வாசம் வருது? பிரேக் ஆயில் தவிர வேற எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிப் போயிரும்!"

"உள்ளே வழுக்கிண்டு போகட்டுமேன்னு துளி தடவினேன்."

மாமி இடுப்பில் கை வைத்தாள். "அடடே! வேஷ்டியில இடது முட்டிகிட்ட மட்டும் எண்ணெய்க் கறை வரதே, அதுவும் ரப்பருக்குத் தடவினதுதானோ? மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் இல்லாம நான் தவிக்கறேன்!"

சர்வேயர் வேஷ்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார்.

"புது ரப்பர் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கோ. அப்பவும் கால் வலிச்சா, பேசப்படாது. சாவி என் கைக்கு வந்துடணும். வண்டியை வித்துடலாம்" என்றாள் மாமி.

"சரி" என்றார்.

விஸ்வகர்மா பூஜையன்று காலை. ஊர் வழக்கப்படி வானமெல்லாம் பட்டம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றோம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"ரஹீம், பூவா இருக்குய்யா கிளட்ச்!"

ரஹீமுக்கு வாயெல்லாம் பல். எஞ்சின் நின்றது. வலது கால் இறங்கியது. இடது கால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, குழந்தையை இறக்குவது போல வெளியே வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

மாமி சாவிக்குக் கையை நீட்டினாள்.

அவர் சட்டைப் பைக்குள் துழாவினார். வெளியே வந்தது டேப். அதன் நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைச் சித்த பிடி விஜி. சீட்டு ரெண்டு இஞ்ச் தாழ்வு. அதான் சங்கதி."

மாமி நுனியை வாங்கிக்கொண்டாள். குனிந்து, அதை அவருடைய இடது முழங்காலின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.