என்னிடம் சொல்லாமல் அரைத்த மாவு

பிளவுஸ் ஊக்கு மாட்டும்போது இடது மார்பின் ஓரத்தில் விரலில் ஏதோ தட்டியது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததால் மூன்று மாதம் சும்மா இருந்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படிச் சும்மா இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. மயிலாப்பூரில் வீடு. தேனாம்பேட்டையில் ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. பாலிசி கேட்டு வருகிறவர்கள் நிரப்பித் தரும் படிவங்களைப் படித்து, சர்க்கரை வியாதியையோ இதய நோயையோ யாராவது மறைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. மறைப்பவர்கள் பெரும்பாலும் கேட்டதற்கு மேலே இரண்டு வரி எழுதிவிடுவார்கள். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். சொந்த வீட்டில்தான் கோட்டை விட்டேன், அதுவும் இரண்டு முறை.

தி.நகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஊசிப் பரிசோதனை (கட்டிக்குள் மெல்லிய ஊசி செலுத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று நானும் கணவரும் அறுவை மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தோம்.

"நீங்க போய் வெயிட் பாத்துட்டு வாங்கம்மா" என்றார் மருத்துவர். நர்ஸ் என்னை அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாதாரணக் கட்டிதான். எடுத்துட்டா சரியாப் போயிடும். பயப்பட ஒண்ணுமே இல்லையாம். ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துடலாம், ரெண்டு மாசத்துல ஆபீசுக்கே போகலாம்" என்றார்.

கேட்டதற்கு மேலே இரண்டு வரி. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது குனிந்து பார்த்தேன். மார்பு இல்லை. தட்டையான தோலும் அக்குள் வரை போன தையலும்தான் இருந்தன. நர்ஸிடம் கேட்டேன்.

"சார்தானே கையெழுத்துப் போட்டாரு. உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்றாள். சொல்லிவிட்டு, பயந்துபோய் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குப் புற்றுநோய் என்பதை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான். என் வீட்டுக்காரருக்கும் மருத்துவருக்கும் நர்ஸுக்கும் தெரிந்த பிறகு, கடைசியாக எனக்கு.

மாலையில் கணவர் வந்தார். "சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு நெனச்சேன்" என்று அழுதார்.

"இனிமே என் உடம்புக்கு எனக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது" என்றேன்.

"நடக்காது" என்றார்.

நம்பினேன். இருபது வருடம் கூடவே இருந்த மனிதர், நம்பாமல் என்ன செய்வது?

அதன் பிறகு அடையாறில் ஒரு பெண் மருத்துவரிடம் மாறினேன். கதிர்வீச்சுச் சிகிச்சை (கதிர்களைப் பாய்ச்சி, மிச்சமிருக்கக்கூடிய புற்றுச் செல்களை அழிப்பது) முடிந்தது. தமாக்சிஃபென் மாத்திரை (பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் புற்றுச் செல்களை வளர்க்காமல் தடுப்பது) தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு என்னென்ன சாப்பிடுவேன் என்று வரிசையாகக் கேட்டார்.

எங்கள் வீட்டில் சோயா உண்டு. கணவர் பத்திரிகையில் ஆரோக்கியக் குறிப்பு எது வந்தாலும் வெட்டி வைப்பவர். கோதுமையோடு சோயா பீன்ஸ் சேர்த்து அரைப்பது அப்படி வந்த பழக்கம்.

"சோயாவுல ஈஸ்ட்ரோஜென் மாதிரியே ஒரு பொருள் இருக்கு. அது புற்றைத் தடுக்கும்னு சிலர் சொல்றாங்க, தூண்டும்னு சிலர் பயப்படறாங்க. யாருக்கும் இன்னும் நிச்சயமாத் தெரியாது. உங்க இடத்துல நான் இருந்தா, மாத்திரை சாப்பிடற வரைக்கும் வேண்டாம்னு விட்டுடுவேன். ஆனா முடிவு உங்களோடது" என்றார் மருத்துவர்.

முடிவு உங்களோடது. நோய் வந்த பிறகு அந்தச் சொல்லை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். வேண்டாம் என்று முடிவு செய்தேன். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தலையையும் ஆட்டினார். வீட்டில் மீதியிருந்த சோயாவை நானே எடுத்து எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை (உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சிறு சுரப்பிகள்) எடுத்துவிட்டதால் இடது கை வீங்கும், பாரம் தூக்கக் கூடாது. அதனால் மாவு அரைக்கப் போவது கணவரின் வேலையானது. ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. சப்பாத்தி மெத்தென்று வருகிறது என்று நானே அவரைப் பாராட்டியிருக்கிறேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். மாவு தீர்ந்துவிட்டது. இரண்டு கிலோ கோதுமையை வலது கையில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில்காரர் பையைப் பிரித்துப் பார்த்தார். என்னை அவருக்குப் பல வருடமாகத் தெரியும்.

"இன்னாம்மா, வெறும் கோதுமையாக் கீது. சோயா எங்க?"

"அதெல்லாம் விட்டு ஒரு வருஷம் ஆச்சுப்பா."

"இன்னாம்மா சொல்ற? போன மாசங்கூட சார் போட்டுத்தானே எட்த்துக்கினு வந்தாரு. அம்மாக்கு நல்லதுப்பா, அந்த நோவு திரும்பி அண்டாதுன்னாரு. அவர் பேச்சைக் கேட்டு நானும் என் சம்சாரத்துக்குப் போட்டுக்கினு கீறேன்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் மாவை வாங்காமலே திரும்பிவிட்டேன். மாட வீதியில் நடக்கும்போது, இந்த ஒரு வருடத்தில் எத்தனை சப்பாத்தி சாப்பிட்டிருப்பேன் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 

கணவர் ஊரிலிருந்து வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. பீரோவைத் திறந்து பத்திரிகைத் துண்டுகளை எடுத்து வந்து என் முன்னால் பரப்பினார். சோயா சாப்பிடும் ஜப்பான் பெண்களுக்கு இந்த நோய் குறைவு என்று ஒன்றில் இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே."

"சொன்னா நீ சாப்பிட மாட்டே."

அவ்வளவுதான். என் பதில் என்னவென்று அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. எங்கே நான் பதில் சொல்லிவிடுவேனோ என்றுதான் கேட்கவில்லை. வெட்டப்பட்டது என் மார்பு, முழுங்கியது என் வாய், ஆனால் என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அன்று வந்த கோபம், மார்பு இல்லை என்று பார்த்த அன்றுகூட எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் மருத்துவரிடம் இருவரும் போனோம். பொறுமையாகக் கேட்டார். "மாவுல கலந்த அளவு ரொம்பக் கம்மி. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், அது பெரிசா நல்லதும் பண்ணியிருக்காது, கெட்டதும் பண்ணியிருக்காது" என்றார். கணவர் நீளமாக மூச்சு விட்டு, "பாத்தியா?" என்றார். விடுதலை ஆகிவிட்டாராம்.

சோயா நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் அவர் பதிலை உங்கள் காதால் நீங்களே கேளுங்கள்.

இப்போது மாவு நானே அரைக்கிறேன், ஒரு தடவைக்கு இரண்டு கிலோ. தூக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால், இல்லாத மார்புக்கு இடம் விட்டுத்தான் உடம்பு படுக்கிறது. ஆறு மாதத்துக்கு அப்பால் எதையும் யோசிப்பதில்லை. ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பதுதான் எனக்கு வருடம்.

போன பரிசோதனைக்குக் கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை என்றார். வெளியே வந்தேன். கணவர் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடையாறு பாலம் போயிற்று, மந்தைவெளி போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்கிய பிறகுதான், "நல்லா இருக்காம், ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் அங்கேயே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அரை மணி நேரம், என் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நோய் வந்த பிறகு அதுதான் முதல் தடவை.