மழித்த நெற்றி

மலையில் கொட்டச்சேடு ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவந்த வீராயிக்கு இன்னொரு கைவேலையும் தெரியும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குத் தலை வாரிச் சடை பின்னுவது அவள்தான். எப்படிப்பட்ட முடியும் அவள் கைக்கு அடங்கும் என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், பக்கத்து வீட்டு ராசம்மாளின் மகள் கிருஷ்ணம்மாளுக்கு வாழவந்தியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல். ஆனால் நெற்றி நடுவில் முடி காக்கை மூக்கு மாதிரி கூராக இறங்கியிருக்கும். ஓரமெல்லாம் பூனைமுடி, எத்தனை எண்ணெய் வைத்தாலும் சிலிர்த்து நிற்கும். முடி அப்படி இறங்கினால் புருஷனுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட, ராசம்மாள் பயந்துபோனாள்.

"ஏனுங்க வீராயக்கா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கண்ணுல படாம ஏதாச்சும் பண்ணுங்க."

வீராயிக்கு வழி தெரியும். செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்த வழுவழுப்பைத் தடவி ஓரமுடியைப் படிய வைக்க வேண்டும். வகிட்டைச் சற்றுத் தள்ளி எடுத்து முன்முடியைத் தாழ வாரினால் கூர் மறைந்துவிடும். பொறுமைதான் வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் மூன்று தடவை வாரினாள். பனி ஈரத்தில் மூன்று தடவையும் முடி எழுந்து நின்றது. "இன்னுமா முடியல?" என்று வெளியே பெண்கள் சிரித்தார்கள். வீராயிக்கு ரோசம் வந்தது. தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனின் சவரக்கத்தியை எடுத்து வந்தாள்.

"வேண்டாமுங்க அக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"பேசாம இரு கண்ணு. ஒருத்தருக்கும் தெரியாது."

மழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கத்தி கீறி ரத்தமும் பொடித்தது. அதன்மேல் மஞ்சளை அப்பினாள். பந்தலில் வேர்வை பட்டு மஞ்சள் கரைந்தது. பொட்டு வைக்கக் குனிந்த மாமியார் மாதம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"தாலி கட்டறதுக்கு முந்தியே தலைல கத்தி வெச்சது ஆருங்க?"

எல்லாரும் வீராயியைப் பார்த்தார்கள்.

"நானு சடை மட்டுந்தானுங்க பின்னுனேன். பொண்ணே பண்ணிக்கிச்சுங்க," என்று சொல்லிவிட்டாள்.

கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ராசம்மாள் பந்தலிலேயே மகளை அறைந்தாள். பெரியவர்கள் சமாதானம் பண்ணித் தாலி கட்ட வைத்தார்கள்.

அதற்குப் பிறகு யார் தலை வாரக் கூப்பிட்டாலும் வீராயி கைவலி என்றாள். காப்பிச் செடிக்குள் ராசம்மாள் பக்கத்து வரிசையில் நின்று, "பெத்த புள்ளையே என் மானத்த வாங்கிட்டாளே அக்கா" என்று புலம்புவாள். வாழவந்தியில் மகளை மொட்டை நெத்தி என்று கூப்பிடுகிறார்களாம். வீராயி கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பழத்தைப் பொறுக்குவாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழவந்திக்கு நடந்தாள். வாசலில் ராகி காயவைத்துக்கொண்டிருந்த மாதம்மாளிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

மாதம்மாள் ராகியைக் கையால் பரப்பிவிட்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கள ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்டிருப்பனுங்க. மூணு மாசமா இந்தப் புள்ளையத்தான பேசிட்டிருந்தேன்."

கிருஷ்ணம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மழித்த முடி முள்ளு முள்ளாக வளர்ந்து, எதற்கும் படியாமல் குத்திட்டு நின்றது. வீராயியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"என்னைய மன்னிச்சுக்க கண்ணு."

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல சாமி."

"மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. அத்தன பேரு முன்னால என்னைய அடிச்சது எங்கம்மாதானுங்க."

இருட்டுவதற்குள் வீராயி திரும்பி வந்து ராசம்மாளிடம் சொன்னாள். ராசம்மாள் திட்டவில்லை. தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை மேஸ்திரியிடம் கேட்டு வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள்.