சாக்குக்கடை அண்ணாச்சி கேட்ட வேகத்தடை

காரியாபட்டியில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு, என் பழைய ஊர்க்காரர் ஒருவர் பிறப்புச் சான்றிதழ் விஷயமாக வந்திருந்தார். மனுவை வெளியே எடுக்கும் முன்பே, "சாக்குக்கடை அண்ணாச்சி தவறிட்டாக, தெரியுமா?" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எங்க, முக்குலயா?" என்பதுதான். "இல்ல, வீட்டுலதான். காலையில காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவுக எந்திரிக்கல" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒருவர் செத்த செய்தியைக் கேட்டு அப்பாடா என்று இருப்பது எவ்வளவு கேவலம் என்று, வந்தவர் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது.

அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே உள்ள சின்னப் பேரூர் எங்களுடையது. பஜாரின் மத்தியில் ரோடு சட்டென்று ஒடிந்து திரும்பும். அதுதான் முக்கு. ஒரு பக்கம் பெண்கள் பள்ளிக்கூடம், மறுபக்கம் நெசவாளர் தெருக்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வரும் பஸ்ஸும் பருத்தி லோடு ஏற்றிய லாரியும், எதிரே என்ன வருகிறதென்று தெரியாமலே அங்கே திரும்பும். அந்த முக்கில் சாக்கும் கயிறும் தார்ப்பாயும் விற்றவர்தான் தங்கச்சாமி அண்ணாச்சி.

எண்பதுகளின் பின்பாதியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவர் பேரூராட்சி மன்றத்துக்குப் பஜார் வார்டு உறுப்பினராக வந்தார். பதவியில் இருந்த காலம் முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று. முக்குக்கு இரண்டு பக்கமும் வேகத்தடை வேண்டும். ரோட்டைப் பார்க்கும் என்ஜினியரை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உங்க மன்றத்துல தீர்மானம் போட்டு அனுப்புங்க, ஒரு வாரத்துல போட்டுத் தாரேன்" என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். ஒரு தீர்மானம், ஒரே ஒரு தாள். நான் அப்போது அந்த மன்றத்தின் எழுத்தர்.

எங்கள் மன்றக் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. மதியம் மூன்றுக்குக் கூடும். அஜெண்டாவில் ஆறாவது பொருள் முடியும்போது வடையும் டீயும் வரும். அதன் பிறகு உட்கிடைச் சிற்றூர்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் ஐந்தரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்கத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கூட்டம் நடத்த வேண்டிய தலைக்கணக்கு, அதாவது கோரம், போய்விடும். மிச்சப் பொருள்களுக்கு எதிரே "ஒத்திவைக்கப்பட்டது" என்று நான் எழுதுவேன். ஆகவே மன்றத் தலைவர் எதையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, பட்டியலில் கீழே போடச் சொன்னால் போதும். வேகத்தடை எப்போதும் பதினொன்று, பன்னிரண்டில் கிடக்கும். அந்தப் பட்டியலை எழுதிய கை என்னுடையது.

அண்ணாச்சிக்கு இது நாலாவது கூட்டத்திலேயே பிடிபட்டுவிட்டது. எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்தார். "கிளார்க்கு தம்பி, இந்த ஊர்ல ரெண்டு சாதி சப்ஜெக்ட் இருக்கு. வடைக்கு முந்துனது ஒண்ணு, வடைக்குப் பிந்துனது ஒண்ணு. நம்மளத என்னைக்கு மேல ஏத்துவீக?" என்று கேட்டார். "தலைவர் சொல்ற வரிசைதான் அண்ணாச்சி" என்றேன். "அவரு சொல்லுவாரு. நீங்க ஒரு நாளாவது மாத்தி எழுதிப் பாருங்களேன்" என்றார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஊர் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். நான் மாற்றி எழுதவில்லை.

தலைவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவரும் பஜாரில் கடை வைத்திருந்தவர். வேகத்தடை போட்டால் வண்டிகள் முக்கில் தேங்கும், அதற்கு இடம்விடக் கடைக்காரர்கள் ரோட்டில் இறக்கியிருக்கும் தகரக் கொட்டகைகளை உள்ளே இழுக்க வேண்டும், லோடு லாரி நிற்க இடம் இருக்காது, வியாபாரம் படுத்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். பஜாரை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, முக்கில் ஒரு அலங்கார வளைவு. ஊருக்குள் நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்களாம், பார்த்துவிட்டுக் கடைக்கு வருவார்களாம். அது முதல் பொருளாகவே வந்தது. வடைக்கு வெகு முன்பே நிறைவேறியது.

அன்று அண்ணாச்சி மட்டும் எழுந்தார். "பஜாருக்கு வாரவன் உசுரோட வீடு போய்ச் சேந்தாத்தானய்யா மறு வாரமும் வருவான்? வளைவப் பாத்தா வருவான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் நான், "உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்" என்று எழுதினேன். வளைவின் இரண்டு தூண்களையும் ஜனங்கள் நடப்பதற்கென்று மிச்சமிருந்த மண்ணில்தான் ஊன்றினார்கள். அதற்குப் பிறகு முக்கில் நடக்கிறவர்கள் தூணைச் சுற்றித் தார் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும்.

பேசிப் பயனில்லை என்று அவர் தன் கடையின் கொட்டகையை மட்டும் தானே நாலு அடி உள்ளே இழுத்தார். தகரத்தைப் பிரித்து, கல்தூணைப் பிடுங்கி, இரண்டு நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தார். தன்னைப் பார்த்து மற்றவர்களும் இழுப்பார்கள் என்பது அவர் கணக்கு. பார்க்கத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் தன் பிளாஸ்டிக் குடங்களை அந்த நாலு அடியில் அடுக்கிவிட்டார். "அண்ணாச்சி இடம் சும்மாதான கெடக்கு" என்றாராம். இதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயம், நெசவாளர் தெருவைச் சேர்ந்த நாகரத்தினம் என்ற அம்மாள், நூல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முக்கைக் கடந்திருக்கிறார். தூணைச் சுற்றி இறங்கியவரைத் திரும்பிய லாரி அடித்துவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அவருடைய மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து அம்மாவைத் தெலுங்கில் கூப்பிட்டு அழுதது முக்கில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அங்கே நின்ற கடைக்காரர்கள் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. அந்த அழுகை புரியத் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் யாரையும் கேட்காமல் வேகத்தடையை முதல் பொருளாக எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான். அன்று உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். தலைவர் தழுதழுத்த குரலில் இரங்கல் தீர்மானம் வாசித்தார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றார்கள். அதன் பிறகு தலைவர், "மறைந்தவருக்கு மரியாதை செலுத்தும் விதமாக இன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். அதுதான் வழக்கம். பெரிய மனிதர் யார் போனாலும் அப்படித்தான் செய்வோம். ஒரு நெசவாளர் வீட்டு அம்மாளுக்கும் அந்த மரியாதையைச் செய்ததில் எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது. எதைத் தள்ளிவைக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "செத்தவளுக்கு எந்திரிச்சு நிக்கிறீக. நாளைக்கு நடக்கப் போறவளுக்கு உக்காந்து ஒரு முடிவு எடுங்கய்யா!" என்று கத்தினார். "துக்க நாள்ல சத்தம் போடாதீக அண்ணாச்சி" என்று அவரைத் தோளில் கைபோட்டு விலக்கிவிட்டுப் போனார்கள். ஒத்திவைத்த கூட்டம் மறுபடி கூடியபோது கோரம் இல்லை. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் தீர்மானப் புத்தகத்தைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை, மூடி அலமாரியில் வைத்தேன்.

பிறகு அவர் செய்ததை ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும், மணல் நிரப்பிய சாக்கு மூட்டைகளை ரோட்டின் குறுக்கே வரிசையாகப் போட்டார். லாரிகள் முனகிக்கொண்டு மெதுவாகப் போயின. பிள்ளைகள் கடந்ததும் மூட்டைகளைத் தானே இழுத்து ஓரத்தில் வைப்பார். பதினொரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள், பொதுச்சாலையை ஆக்கிரமித்ததாக மன்றத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் போயிற்று. பஜார் முழுக்கக் கொட்டகைகள் ரோட்டில் நிற்க, நான் அங்கே இருந்தவரை ஆக்கிரமிப்புக்கென்று போன ஒரே நோட்டீஸ் அதுதான். தட்டச்சு செய்தவன் நான். பியூன் லீவு என்பதால் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.

அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். "இத்தன வருசமா ஒங்க ஆபீஸுல ஒரு தாள் கேட்டேன் தம்பி. இன்னைக்குத்தான் குடுத்திருக்கீக. ஆனா நான் கேட்டது இது இல்ல" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைப் பையனிடம் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அந்தச் சோடாவை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அதன் பிறகு மன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் இல்லாத வருடங்கள் வந்தன, அண்ணாச்சி அந்தந்த அதிகாரிக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். மறுபடி தேர்தல் வந்தபோது நின்று தோற்றார். வளைவைக் கட்டியவர்களின் ஆட்கள்தான் ஜெயித்தார்கள். நான் காரியாபட்டிக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அவரைப் பார்த்து ஊரே சிரித்த அதே மன்றத்தில் அவருடைய படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். வியாபாரிகள் எல்லோரும் அரை நாள் கடையடைத்திருந்தார்கள். இப்போதைய தலைவர் எழுந்து, பஜாரின் வளர்ச்சிக்கு உழைத்த அண்ணாச்சியின் பெயரை அலங்கார வளைவுக்கே சூட்டுவதாக அறிவித்தார். கைதட்டினார்கள். ஐயோ, அந்த வளைவை எதிர்த்துப் பேசிய ஒரே மனிதர் அவரல்லவா! என் பக்கத்தில் இருந்தவருக்கு அது நினைவில்லை. யாருக்குமே நினைவில்லை.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நிக்கணும்" என்றார் தலைவர். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தலைவர், "சார், அண்ணாச்சிக்கு மரியாத சார், எந்திரிங்க" என்றார்.

"முக்குக்கு வேகத்தட வேணும்னு தீர்மானம் போடுங்க, எந்திரிக்கிறேன்" என்றேன்.

"இரங்கல் கூட்டத்துல அஜெண்டாவுல இல்லாததப் போட முடியாது சார்."

"வளைவுக்குப் பேரு வைக்கிறது மட்டும் அஜெண்டாவுல இருந்துச்சாய்யா? இங்க அஜெண்டா எழுதுனவன் நான்."

அத்தனை பேரும் நின்றபடி என்னை முறைத்தார்கள். இரண்டு நிமிடம் முடிந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்றார் தலைவர்.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். கூட்டமே முறைத்தாலும் கேட்டதையே மறுபடி கேட்கிற பிடிவாதம். அவர் உயிரோடு இருந்தபோது, என் மேசை முன்னால் நின்று கேட்ட அன்றைக்கே, இது எனக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அந்தத் தீர்மானத் தாள் என்ஜினியருக்குப் போயிருக்கும். நாகரத்தினம் நூல் கட்டோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.